சிலிண்டரில் எத்தனை யூனிட்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கேஸ் அடுப்பை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால், ஒரு சிலிண்டருக்கு எத்தனை யூனிட் கரண்ட் ஆகும்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் 653 மெகாஜூல். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 3.6 மெகாஜூல். 653ஐ 3.6 ஆல் வகுத்தால் 181 யூனிட்.

பலர் இந்த 181ஐ அப்படியே கரண்ட் விலையால் பெருக்கிவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. கேஸ் அடுப்பில் பாத்திரத்துக்குள் போவது சுமார் 65 சதவீதம். மிச்சம் பாத்திரத்தின் ஓரமாக ஏறி அடுக்களையைச் சூடாக்குகிறது. ஆக, சமையலுக்கு உதவியது 118 யூனிட். இண்டக்‌ஷனில் சுமார் 85 சதவீதம் பாத்திரத்தைச் சேரும். 118ஐ 0.85 ஆல் வகுக்க 139 யூனிட். உங்கள் மீட்டரில் ஓடப்போவது இதுதான்.

சிலிண்டர் 45 நாள் வருகிறதென்றால் ஒரு நாளைக்கு 3 யூனிட், இரண்டு மாத பில்லில் 185 யூனிட் கூடும். இந்த 185உம் இப்போது வரும் பில்லுக்கு மேலே போய் உட்காரும். அதனால் சராசரி விலையை எடுக்காமல், உங்கள் பில் எட்டும் கடைசி படியின் (ஸ்லாபின்) விலையில் கணக்கிடுங்கள். தமிழ்நாட்டில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளின் விலையும் கூடிவிடும் என்பதால், இப்போதே 350, 400 யூனிட் ஓடும் வீடுகள் அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: பிஸ்கட் பாக்கெட்டில் 450 கிலோகலோரி என்று இருக்கிறது. பேச்சில் 450 கலோரி என்கிறார்களே? (வாசகர், மதுரை)

பதில்: இரண்டும் ஒன்றுதான். உணவு விஷயத்தில் ‘கலோரி’ என்று சொல்வதெல்லாம் கிலோகலோரியே. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும், அது 4.184 கிலோஜூல். 860 கிலோகலோரி சேர்ந்தால் ஒரு யூனிட்.

இதை வைத்து கீஸரையும் சோதிக்கலாம். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 58க்குக் கொண்டுபோக 15 × 30 = 450 கிலோகலோரி. உங்கள் பிஸ்கட் கணக்கேதான்! யூனிட்டில் 0.52. 2 கிலோவாட் கீஸருக்கு 16 நிமிடம் போதும். அரை மணி ஆகிறதென்றால் ஹீட்டர் காயிலில் உப்புப் படிந்ததால் என்று நினைக்காதீர்கள். உப்பு ஏறினால் காயில்தான் அதிகம் சூடாகிக் கெடும், தண்ணீருக்குப் போகும் வெப்பம் பெரிதாகக் குறையாது. முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட் 180க்கு இறங்கினால் 2 கிலோவாட், 1.2 ஆகிவிடும்.

கேள்வி: 150 ஆம்பியர் மணி இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை யூனிட்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஆம்பியர் மணியை வோல்டால் பெருக்கினால்தான் ஆற்றல். பேட்டரி 12 வோல்ட் என்றால் 150 × 12 = 1,800 வாட் மணி, 1.8 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியை முழுக்க வடிய விட்டால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். பாதியோடு நிறுத்துவது நல்லது. இன்வெர்ட்டரில் 15 சதவீதம் போகும். கையில் மிஞ்சுவது முக்கால் யூனிட். இரண்டு 75 வாட் ஃபேன், மூன்று 10 வாட் பல்பு என்றால் 180 வாட். நான்கு மணி நேரம் ஓடும். பேட்டரி பழசானால் அதுவும் குறையும்.