நீர்ப் பங்கீட்டு அறிவித்தலும் முகநூல் குழுவில் எழும் வசையும்

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சிறுபோகத்தில் (மழை குறைந்த காலப் பயிர்ச்செய்கையில்) குளத்து நீரைப் பொறுத்து யார் எவ்வளவு காணி செய்யலாம் என்ற பங்கீட்டை அவர்களது கமக்காரர் அமைப்பின் முகநூல் குழுவில் ஓர் இரவு அறிவித்ததும், போலிப் பெயர்க் கணக்கொன்று செயலாளரைக் 'கள்ளன்' என்று எழுதியதாம். விடிவதற்குள் ஊரில் மரியாதையாகப் பழகுகிறவர்களும் அதே பாணியில் ஏசத் தொடங்கிவிட்டார்கள். உறுப்பினர் எல்லோரிடமும் அடையாள அட்டை கேட்கலாமா என்பது அவருடைய கேள்வி.

கேட்பதால் பெரிய பலன் இராது. பெரிய இணையத்தளங்களில் எழுதுவோர் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று தென்கொரியா 2007இல் நடைமுறைப்படுத்திய சட்டத்தை, அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2012இல் ஏகமனதாக இரத்துச் செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்குச் சான்றில்லை என்பதும் அதற்கான காரணங்களுள் ஒன்று. அதே ஆண்டில் இஸ்ரேலிய ஆய்வாளர் இருவர், பெயர் மறைந்திருப்பதைக் காட்டிலும் கண்ணுக்குக் கண் பாராதிருப்பதே ஏச்சுக்கு முதன்மையான காரணம் என்று கண்டார்கள்.

உங்கள் கடிதத்தில் முக்கியமானது போலிக் கணக்கன்று, தெரிந்தவர்களும் சேர்ந்துகொண்டதே. பிறரை நோகடித்து இன்புறும் இயல்புடையோர் இணையச் சீண்டலில் கூடுதலாக ஈடுபடுகிறார்கள் என்று கனேடிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது உண்மைதான். ஆனால் ஸ்டான்ஃபோர்ட், கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது. அவர்கள் 667 பேரில் ஒரு பகுதியினருக்கு இலகுவான வினாக்களையும் மற்றவர்களுக்கு எரிச்சலூட்டவென்று கடினமானவற்றையும் கொடுத்து, பின்னர் ஒரு கட்டுரைக்குக் கருத்து எழுதச் சொன்னார்கள். மனம் குழம்பாமல், முன்னிருந்த கருத்துகளும் நாகரிகமாக இருந்தபோது 35 சதவீதமான பதிவுகளே சீண்டலாக அமைந்தன. எரிச்சலோடு வந்தவர்கள் முதலில் வசையையே வாசித்தபோது அது 68 சதவீதமாயிற்று. செய்தித்தளக் கருத்துகளிலும் சீண்டல் பின்னிரவில் கூடுவதை அவர்கள் கண்டார்கள். காணி குறைந்த கமக்காரர் எரிச்சலோடு இருப்பது இயல்பு. அந்த வேளையில் கண்ணில் பட்ட முதல் வரி 'கள்ளன்'.

ஆகவே பங்கீட்டைக் காலையில் அறிவியுங்கள். குளத்து நீர்மட்டம், அந்த நீருக்குச் செய்யக்கூடிய ஏக்கர், பங்கு பிரித்த முறை ஆகியவற்றை அதிலேயே எழுதுங்கள். குழு விதிகளை மேலே நிலைநிறுத்தி வையுங்கள்: ரெடிட் என்ற இணைய உரையாடல் தளத்தின் அறிவியல் குழுவில் விதிகளை இவ்வாறு முன்வைத்தபோது, புதியவர்கள் அவற்றுக்கு இணங்குவது 8 சதவீதப் புள்ளிகள் கூடியதோடு, எழுத வந்த புதியவர்களின் தொகையும் கூடியது என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. விதி போட்டால் ஆட்கள் விலகிவிடுவார்கள் என்ற பயம் இங்கே பொருந்தவில்லை.

முதல் வசையை உடனே மறைத்துவிடுங்கள். அதனோடு வாதாட வேண்டாம். ஆனால் "கடைசி வாய்க்காலுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று கோபமாகக் கேட்பது வசையன்று. அதை மறைத்தால் 'கள்ளன்' என்றவனின் பேச்சுக்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும் என்பதால், கணக்கோடு பதில் எழுதுங்கள். ஏசிய ஊரவர்களைக் குழுவில் கண்டிப்பதைவிட, செயலாளர் வயல்வரம்பிலோ அடுத்த கூட்டத்திலோ நேரில் பேசுவது நல்லது. போலிக் கணக்கு அதன் பின்னும் ஏசினால் நீக்கிவிடுங்கள். நீக்கியதைக் குழுவில் அறிவிக்கத் தேவையில்லை.