‘ஆவணம் போதாது’ என்று பட்டா மனு திரும்பினால்

கேள்வி: சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பாக்குத் தோப்பு இருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பட்டாவை என் பெயருக்கு மாற்ற இ-சேவை மையத்தில் இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் ‘ஆவணங்கள் போதாது’ என்று நிராகரித்துவிட்டார்கள். எந்த ஆவணம் என்று சொல்ல ஆளில்லை. எல்லாம் ஆன்லைன் ஆன பிறகும் ஏன் இப்படி? மூன்றாவது முறை என்ன செய்வது?

பதில்: மூன்றாவது விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நீங்கள் அனுப்பிய வாரிசுச் சான்றிதழில் அம்மா, நீங்கள், இரண்டு தங்கைகள் என நான்கு பேர் இருக்கிறார்கள். பட்டா கேட்டிருப்பதோ உங்கள் ஒருவர் பெயருக்கு. எனக்குத் தெரிந்தவரை சிக்கல் இங்கேதான். நால்வருக்கும் அந்தத் தோப்பில் உரிமை உண்டு. தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் அவர்கள் பங்கு போய்விடாது.

நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டா போதும் என்றால் வேலை சுலபம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா, அடையாள அட்டைகள் போதும். நிலத்தை அளக்க வேண்டியதில்லை. உங்கள் ஒருவர் பெயருக்கேதான் வேண்டும் என்றால், மற்ற மூவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதிந்து தர வேண்டும். அவர்கள் மனமார ஒப்புக்கொண்டால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள். பாகம் பிரிப்பதானால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும்.

இன்னொன்று. அப்பா பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டாவில் ‘இராமசாமி’, இறப்புச் சான்றில் வேறு முன்னெழுத்தோடு ‘ராமசாமி’ என்றிருந்தால் அதற்கே மனு திரும்பும். விண்ணப்பிக்கும் முன் காகிதங்களோடு ஒரு முறை வி.ஏ.ஓ.வைப் பார்த்துவிடுங்கள். ஆன்லைனில் போட்டாலும் உங்கள் மனு அவர் விசாரணைக்குத்தான் வரும்.

சரி, ஆவணம் குறைவு என்பது உண்மையாகவே இருக்கட்டும். எது குறைவு என்று ஒரு வரி எழுதாதது அலுவலகத்தின் தவறு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். நிராகரித்த மனுவும் அலுவலகக் கணக்கில் ‘முடிக்கப்பட்ட’ மனுதான். இத்தனை மனு வந்தது, இத்தனை முடிந்தது என்று மேலே அறிக்கை போகும். அந்த எண்ணிக்கையில் உங்களுடைய இரண்டு மனுவும் வேலை நடந்ததற்குச் சாட்சி! உங்களுக்கோ இரண்டு விண்ணப்பக் கட்டணமும், போய்வந்த நாட்களின் கூலியும் போனதுதான் மிச்சம். எத்தனை பேர் ஒரே வேலைக்குத் திரும்பத் திரும்ப மனு போட்டார்கள் என்று எண்ணினால்தான் ஒரு அலுவலகத்தின் திறமை தெரியும். விண்ணப்பம் கணினிக்குப் போனதில் அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் காரணத்தை எழுத வேண்டியது மனிதர்தான்.

ஆகவே எழுத வையுங்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்புங்கள். ‘ஏன் நிராகரித்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள். பதிவேட்டில் உள்ளதைத்தான் அவர்கள் தரக் கடமைப்பட்டவர்கள். இப்படிக் கேளுங்கள்: ‘எனது மனு எண் இன்னது. அது எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் வந்து எந்தத் தேதியில் போனது? ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல், விசாரணை அறிக்கையின் நகல், நிராகரிப்பு ஆணையின் நகல் தேவை.’ 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. தேதி கேட்டு மனு வந்ததுமே கோப்பைத் தேடி எடுத்துவிடுவார்கள்.

குறிப்பின் நகல் கையில் வந்த பிறகு மூன்றாவது மனுவைப் போடுங்கள். அதையும் காரணம் சொல்லாமல் தள்ளினால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அப்புறம் திங்கட்கிழமை சேலம் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே போனால் நிராகரிப்பு ஆணையின் நகலையும் மனுவோடு இணையுங்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.