பில்டர் காப்பி: காப்பிக்கொட்டைக் கடைக்காரர் பதில்கள்

கே: சார், ராத்திரி போட்ட டிக்காஷன் காலை வரை இறங்கவே இல்லை. என்ன பண்ணலாம்?

ப: மேல் பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியிலுள்ள சல்லடைக் கண் தெரியாவிட்டால் அடைப்புதான். எவர்சில்வர் என்றால், அடியை அடுப்புத் தீயில் காட்டினால் அடைத்த பொடி கருகி உதிரும். ஆறினதும் தேய்த்துக் கழுவுங்கள். கண் சரியாக இருந்தால், பொடி மாவாக அரைபட்டிருக்கும், அல்லது குடையை, அதாவது பொடிமேல் வைக்கும் காம்புத் தட்டை, போட்டு அமுக்கியிருப்பீர்கள். பொடியைப் பரப்பி லேசாக அழுத்தினால் போதும். கொதித்து இறக்கிய தண்ணீரில் முதலில் ஒரு கரண்டி ஊற்றிப் பொடி ஊறியபிறகு மீதியை ஊற்றுங்கள்.

கே: ஆறிப்போன டிக்காஷனை அடுப்பில் வைக்கலாமா?

ப: கூடவே கூடாது. கசக்கும், மணமும் ஓடிப்போகும். பால் பொங்கட்டும், அந்தச் சூடு போதும். போதாவிட்டால் டிக்காஷன் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வையுங்கள்.

கே: அண்ணா, சிக்கரி கலப்படம்தானே?

ப: பாக்கெட்டில் சொல்லிக் கலந்தால் கலவை, சொல்லாமல் கலந்தால் கலப்படம். சட்டப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம். வறுத்த வேர் அது. காஃபீன் கிடையாது, நிறமும் கெட்டியும் கொடுக்கும். நான் குடிப்பது 80க்கு 20.

கே: 20ஆ! எங்கள் பாட்டி சிக்கரியை வாசல்படி ஏறவிட்டதில்லை.

ப: பாட்டி கொட்டையை வீட்டிலேயே வறுத்து, அன்றன்றைக்கு அரைத்திருப்பார். அந்த மணத்துக்குச் சிக்கரி எதற்கு? நீங்கள் ஒரு கிலோ பொடியை மாதக்கணக்கில் டப்பாவில் வைத்துவிட்டுப் பாட்டியை இழுக்கிறீர்கள். நூறு நூறு கிராமாக வாங்குங்கள், அப்புறம் சண்டைக்கு வாங்க.

கே: நான் சிக்கரி கட்சி. அது இல்லாத காப்பி வெறும் வெந்நீர்!

ப: பொடி குறைச்சலாகப் போட்டால் எல்லாமே வெந்நீர்தான். சிக்கரியே இல்லாமல் கள்ளிச்சொட்டாகக் காப்பி வரும், பொடிக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கே: பீபெரி தனிச்செடியா?

ப: இல்லை. பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை, ஒட்டிய பக்கம் தட்டையாக இருக்கும். ஒன்றே விளைந்தால் உருண்டை. அதுதான் பீபெரி.

கே: டிக்காஷனை மைக்ரோவேவில் சுடவைக்கலாமா?

ப: இரண்டாவது பதில்.

கே: டிகிரி காப்பி என்ற பெயர் எப்படி வந்தது?

ப: பாலை லாக்டோமீட்டரில் அளந்த டிகிரி என்பார்கள். சிக்கரிதான் டிகிரி ஆனது என்பார்கள். தண்ணீர் பாலை ஊற்றிவிட்டுப் பெயர்க்காரணம் கேட்கக்கூடாது.

கே: 'பாட்டி' பேத்திதான். 20 சதவீதம் என்றால் நாக்கில் தெரியாதா?

ப: தெரியும். தெரியத்தானே போடுகிறோம்!

கே: மாமா, நேற்றைய டிக்காஷனை லேசாகக் கொதிக்கவிட்டால்...

ப: டீ போட்டுக் குடியுங்கள்.