ஒரே நாளில் 53 ‘யபாதே’

கேள்வி: எனக்கு 38 வயது. யாங்கூனில் தாம்வே பக்கம் குடியிருக்கிறோம். ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மாமனார் காலமான பிறகு, இரண்டு வருடமாக மாமியார் எங்களோடு இருக்கிறார். வயது 74. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. பகலெல்லாம் பழைய தமிழ் வார இதழ்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தொந்தரவே கிடையாது. ஆனால் எதைக் கேட்டாலும் பர்மியத்தில் ‘யபாதே’ என்ற ஒரே பதில். தமிழில் கேட்டால் ‘பரவாயில்லை’. என்ன சமைக்கட்டும், ஃபேன் போடட்டுமா, டாக்டரிடம் போகலாமா, எல்லாவற்றுக்கும் அதுதான். பிள்ளைகள் காலண்டரில் கோடு போட்டு எண்ணினார்கள். ஒரே நாளில் 53 தடவை. போன மாதம் ஒரு காலையில் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார். அப்புறம்தான் கண்ணாடி உடைந்து நாலு நாளாகிறது என்று தெரிந்தது. அதற்கும் ‘யபாதே’தான்! இப்போதைக்கு டேப் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சொல் காதில் விழுந்தாலே எரிச்சலாக வருகிறது. ‘அம்மா அப்படித்தான், விடு’ என்கிறார் கணவர். மாமியார் மனம் நோகாமல் இந்தப் பழக்கத்தை நிறுத்த என்ன வழி?

பதில்: நாலு நாள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், சகோதரி. மூன்று தடவையும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. ஒரு சொல்லை 53 வரைக்கும் எண்ணத் தெரிந்த வீட்டில், ஒரு பெரிய மனுஷி நாலு நாள் கண்ணாடி இல்லாமல் நடமாடியது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. பகலெல்லாம் புத்தகமும் கையுமாக இருப்பவர் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நாலு நாள் அந்தப் புத்தகம் மூடியே கிடந்திருக்கும். நீங்கள், உங்கள் கணவர், பிள்ளைகள், எல்லாரும் அந்த நாற்காலியைத் தாண்டித்தானே போய் வந்திருப்பீர்கள்? அந்த நாலு நாளும் அவர் அடுப்பைப் பற்றவைத்து உங்களுக்கு டீ போட்டிருக்கிறார். உப்பு டப்பா கை மாறாமல் இருந்திருந்தால் ஐந்தாம் நாளும் தெரிந்திருக்காது, பத்தாம் நாளும் தெரிந்திருக்காது. நீங்கள் இதை ஒரு வேடிக்கையாக, போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை.

சொல் எரிச்சலூட்டுகிறது என்று எனக்குக் கடிதம் வராத மாதம் கிடையாது. மகள் எதற்கெடுத்தாலும் ‘வேற லெவல்’ என்கிறாள், கூட்டாளி மூச்சுக்கு மூச்சு ‘ஆக்சுவலி’ போடுகிறார் என்று எழுதுவார்கள். உலகம் முழுக்க இந்தக் குறை இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகம், இனிமேல் வேண்டாம் என்று தள்ளிவைக்கவேண்டிய சொற்களுக்கு 1976 முதல் வருடம் தவறாமல் பட்டியல் போடுகிறது. 2009-ல் மாரிஸ்ட் கருத்துக்கணிப்பு, பேச்சில் அதிகம் எரிச்சலூட்டும் சொல் எது என்று அந்த நாட்டு மக்களைக் கேட்டது. நூற்றுக்கு 47 பேர் காட்டிய சொல் ‘வாட்எவர்’. அதாவது, என்னவோ போ, நீ சொல்வதில் எனக்கு அக்கறை இல்லை என்பது. அது ஏன் அத்தனை பேரைக் குத்தியது என்று எனக்குப் புரிகிறது. எதிரே நிற்பவரைக் கையால் தள்ளிவிடுகிற சொல் அது.

உங்கள் மாமியாரின் சொல் யாரைத் தள்ளுகிறது? தன்னைத்தானே தள்ளிக்கொள்கிறார், அம்மா. உங்கள் வழியிலிருந்து ஓரமாக நகர்ந்து நிற்கிறார்.

பர்மியச் சொல்லை நீங்களும் நானும் பிறந்ததிலிருந்து கேட்கிறோம். நன்றி சொன்னாலும் யபாதே, அனுமதி கேட்டாலும் யபாதே, இன்னொரு கரண்டி சோறு போட வந்தாலும் யபாதே. ஆகட்டும் என்பதற்கும் போதும் என்பதற்கும் அதே சொல்தான். எது என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ‘பரவாயில்லை’யும் அதே சாதிதான். கவலை, பொருட்டு என்று பொருள்படும் ‘பர்வா’ இந்துஸ்தானியிலிருந்து தமிழுக்கு வந்து ‘இல்லை’யோடு ஒட்டிக்கொண்டது. என்னைப் பொருட்டாக நினைக்க வேண்டாம் என்று ஒருவர் தன் வாயாலேயே சொன்னால், சரி என்று எடுத்துக்கொண்டு போய்விடுவதா?

இதற்குப் பின்னால் இன்னொரு பர்மியச் சொல் ஒளிந்திருக்கிறது: ஆநாதே. ‘ஆ’ என்றால் பலம், ‘நா’ என்றால் வலி. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்று உள்ளுக்குள் கூசுவது. இந்த மண்ணில் வளர்ந்தவர்கள் முதல் தடவை கேட்டதும் சரி என்று சொல்லிவிட மாட்டார்கள். நம் வீடுகளிலும் அதுதானே வழக்கம்? வந்தவர் காப்பி வேண்டாம் என்றால், இரண்டாம் தடவை கேட்போம், மூன்றாம் தடவை கேட்காமல் கொண்டுவந்து வைப்போம். முதல் ‘பரவாயில்லை’ மரியாதைக்குச் சொல்வது. உண்மையான பதில் அதற்கு அப்புறம்தான் வரும். நீங்கள் முதல் பதிலோடு கிளம்பிவிடுகிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

உங்கள் கேள்விகளையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ‘ஃபேன் போடட்டுமா?’ ‘டாக்டரிடம் போகலாமா?’ காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பில் கால் நுழைத்தபடி கேட்கிற கேள்விகள் இவை. வேலைக்குப் போகும் பெண்ணின் அவசரம் எனக்குத் தெரியும், நானும் அப்படி ஓடியவள்தான். ஆனால் செருப்பு மாட்டிய காலைப் பார்த்துவிட்டு எந்த மாமியார், ‘ஆமாம்மா, முழங்கால் வலிக்குது, உட்காரு சொல்றேன்’ என்பார்? நீங்கள் எந்தப் பதிலுக்கு நேரம் வைத்திருந்தீர்களோ அந்தப் பதிலைத்தான் அவர் கொடுக்கிறார்.

யாங்கூனில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழுந்தாலும் யாருக்கும் சலிக்காத சொல் ஒன்று உண்டு. கரண்ட் வந்ததும் தெருப் பிள்ளைகள் கத்துகிற ‘மீ லா பீ!’ அந்தச் சொல்லோடு வெளிச்சமும் சேர்ந்து வருகிறது. அத்தையின் சொல் உங்களுக்குச் சலித்துப்போனதன் காரணம், அதோடு எதுவும் வராததுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் 53 தடவை மூடிய கதவைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். அதை நான் மறுக்கவில்லை.

அவர் வயதையும் நினைத்துப் பாருங்கள். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அவர் சின்னப் பெண். கடைகள் அரசுடைமையாகி, நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறியதைப் பார்த்த வயது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதமானபோது பிள்ளைகளைக் கையில் வைத்திருந்திருப்பார். இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களில் அந்த ராத்திரிகளில் பெண்கள் என்ன சொல்லிப் பிள்ளைகளைத் தூங்கவைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பரவாயில்லை என்றுதான். என் அம்மா அப்படிச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. பள்ளிகள் அரசுடைமையாவதற்கு முன்பு, பள்ளிக்கூடத்திலேயே தமிழ் படித்த கடைசித் தலைமுறை அவருடையது. அதற்குப் பிறகு கோயிலிலும் வீட்டிலும்தான் எழுத்துக் கற்றோம். அந்தப் பழைய இதழ்களை அவர் பொழுதுபோகாமல் புரட்டுகிறார் என்று எண்ணாதீர்கள். உங்கள் வீட்டில் தமிழ் தடங்கலில்லாமல் படிக்கப்படுகிற நாற்காலி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் கணவருக்கு. இந்தப் பகுதியை அவரிடம் காட்டுங்கள். ‘அம்மா அப்படித்தான், விடு’. எனக்கு வரும் கடிதங்களில் தேய்ந்துபோன வாக்கியம் ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான், தம்பி. முப்பது வருடமாக மகன்கள் இதைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். பெற்ற தாயின் கண்ணாடி உடைந்ததை முதலில் கவனித்திருக்க வேண்டியவர் நீங்கள். மருமகள் கவனித்தால் அது அவள் நல்ல மனசு. மகன் கவனிப்பது கடமை. அந்தக் கடமையை மனைவி தலையில் ஏற்றிவிட்டு, அவள் எரிச்சல்படும்போது ‘விடு’ என்று பெரிய மனசு காட்டக் கூடாது.

சரி, கேட்டதற்கு வருகிறேன். அவரிடம் அந்தச் சொல்லை நிறுத்தச் சொல்லாதீர்கள். சொன்னால் நிறுத்திவிடுவார், அப்புறம் அதுகூடக் காதில் விழாது. காலண்டரை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அந்தக் கோடுகள் என்ன என்று அவருக்குத் தெரியாது என்று நம்ப வேண்டாம். யபாதே என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேளுங்கள். ‘எந்த முழங்கால் அத்தை, இடதா வலதா?’ ‘முருங்கையா, கத்திரியா?’ ‘இன்னைக்குப் படிச்ச கதையில என்ன நடந்துச்சு?’ கேட்டுவிட்டு உட்காருங்கள். கோடு போட்ட பிள்ளைகள் தினம் சாயங்காலம் அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். அதை அவர்களுக்குத் தண்டனை என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், அந்த டேப் ஒட்டிய கண்ணாடி. ‘இப்போதைக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். உடைந்தது போன மாதம். ஒட்டுப்போட்ட கண்ணாடி வழியாகத்தான் இன்றைக்கும் படிக்கிறார், இன்றைக்கும் உங்களுக்கு டீ போடுகிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை மகனே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகட்டும். நீங்களும் கூடப் போங்கள். கண்ணைச் சோதித்து இரண்டு கண்ணாடியாக வாங்குங்கள், ஒன்று உடைந்தால் மற்றொன்று இருக்கும். ஃபிரேமை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். எதுன்னாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வார். மூன்று ஃபிரேமை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றை அவர் கையில் எடுக்கும் வரை காத்திருங்கள்.