அமெரிக்காவின் பாஸ்டனில் இருக்கும் ஹேண்டல் அண்ட் ஹைடன் சொசைட்டி என்ற இசைச் சங்கம், வருடாவருடம் 'மெசையா'வையே பாடுகிறதே (இயேசுவைப் பற்றி ஹேண்டல் இசையமைத்த நீண்ட பாடல் படைப்பு), சலிக்காதா?

சலிக்காது. படைப்பு ஒன்றுதான், ஆனால் பாடும் விதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது.

இந்தச் சங்கம் 1815-ல் தொடங்கியது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று பாஸ்டனின் கிங்ஸ் சேப்பல் தேவாலயத்தில் முதல் கச்சேரி. பாடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், பெண்கள் வெகு சிலரே. ஹேண்டலின் 'மெசையா' அமெரிக்காவில் முழுமையாக முதன்முதலில் ஒலித்தது 1818-ல் இவர்கள் குரலில்தான். 1854 முதல் அது ஆண்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

19-ஆம் நூற்றாண்டில் பிரம்மாண்டம்தான் மோகம். விழாக்காலங்களில் சில நூறு அமெச்சூர் பாடகர்கள் மேடையை நிறைப்பார்கள். அத்தனை பேர் சேர்ந்து பாடினால் முழக்கம் கிடைக்கும், வேகமான ஸ்வரக்கோர்வைகள் குழம்பிவிடும். ஹேண்டல் 1742-ல் டப்ளினில் முதலில் அரங்கேற்றியதோ சிறிய குழுவோடு.

அந்தச் சிறிய அளவுக்குத் திரும்பியதுதான் என் பார்வையில் இவர்கள் செய்த பெரிய காரியம். 1960-களின் இறுதியில் தொழில்முறைப் பாடகர்களைக் கொண்ட சிறு குழுவாக மாறினார்கள். அப்புறம் 1986-ல் ஆங்கிலேய இசை நடத்துநர் கிறிஸ்டோபர் ஹாக்வுட் பொறுப்பேற்று, ஹேண்டல் காலத்து வாத்தியங்களைக் கொண்டுவந்தார். விலங்குக் குடலில் செய்த தந்தி போட்ட வயலின், வால்வு இல்லாத டிரம்பெட். சுருதியும் இன்றைய வழக்கத்தைவிடச் சுமார் அரை ஸ்வரம் கீழே. வாத்தியங்கள் குரலை மூடுவதில்லை, பாடகர் குழுவின் நான்கு குரல் வகைகளும் தனித்தனியாகக் கேட்கும்.

பாஸ்டனின் சிம்பொனி ஹாலில் நேரில் கேட்க முடியாவிட்டால் பதிவிலாவது கேளுங்கள். அதில் வரும் புகழ்பெற்ற 'ஹல்லேலூயா' குழுப்பாடலுக்காக மட்டும் காத்திருக்காமல் கடைசிக் குழுப்பாடலான 'ஆமென்' வரை கேளுங்கள். குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் அழகு அங்கேதான் உச்சம்.