1919 பாரிஸ் போட்டி ஒலிம்பிக் பட்டியலில் ஏன் இல்லை?

அது ஒலிம்பிக்கே இல்லை. பெர்ஷிங் ஸ்டேடியத்தில் 1919 ஜூன் 22 முதல் ஜூலை 6 வரை நடந்தது, முதல் உலகப் போரின் நேச நாட்டுப் படைவீரர்களுக்கான போட்டி. 1916 பெர்லின் ஒலிம்பிக் ரத்து. அடுத்தது 1920 ஆன்ட்வெர்ப்தான்.

உங்களைக் குழப்பியது அநேகமாக அமெரிக்க ஓட்டக்காரர் சார்லி பாடக். 1919இல் 100, 200 மீட்டர் இரண்டிலும் வென்றவர், மறு ஆண்டு ஆன்ட்வெர்ப்பிலும் 100 மீட்டர் தங்கம் வாங்கினார்.

கையிலுள்ள முடிவுத்தாள் 1919ஆ, 1920ஆ என்று சந்தேகமா? அதில் ‘கைக்குண்டு எறிதல்’ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 1919தான். அதில் ஜெயித்தவர் ஃபிரெட் தாம்சன் என்ற ராணுவப் பாதிரியார். சுமார் 75 மீட்டர் எறிந்தார். பிறகு கௌபாய் பட நாயகனாகவும் ஆனார்!

ஜெர்மனி பெயர் இல்லாததை மட்டும் வைத்து 1919 என்ற முடிவுக்கு வராதீர்கள். 1920 ஒலிம்பிக்குக்கும் அவர்களை அழைக்கவில்லை.