அப்பாவின் மாருதி 800 துருப்பிடித்துவிட்டது: ஷெல் மாற்றலாமா, உடைக்கக் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் நாகப்பட்டினத்தில் இருக்கிறோம். அப்பா 2001-ல் புதிதாக வாங்கிய மாருதி 800 வைத்திருக்கிறோம். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது, ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்றிதழ்) இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இன்ஜின் அருமையாக ஓடுகிறது. ஆனால் டிரைவர் காலடியில் தகரம் அரித்து ரோடு தெரிகிறது. ஒரு பட்டறையில் 40 ஆயிரம் ரூபாய்க்கு ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். இன்னொருவர், வேறு ஒரு 800-ன் ஷெல், அதாவது வெறும் பாடிக் கூடு, கொண்டுவந்து எங்கள் சேஸிஸ் நம்பரை அதில் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். ஒரு புரோக்கர், 15 வருடம் தாண்டிய வண்டியை எப்படியும் பறிமுதல் செய்துவிடுவார்கள், 22 ஆயிரத்துக்கு நான் எடுத்துக்கொள்கிறேன், அப்பா கையெழுத்தை நீங்களே ஃபாரத்தில் போட்டுவிடுங்கள் என்கிறார். போட்டோக்கள் அனுப்பியிருக்கிறேன். எனக்கு இந்த வண்டியை விட மனமில்லை. விட்டால் இன்னொரு 800-தான் தேடுகிறேன். விடுவதென்றால் ஸ்டீயரிங், நம்பர் பிளேட் ஏதாவது எடுத்து வைத்துக்கொள்ளலாமா? டேஷ்போர்டு டிராயரில் அப்பா எழுதிய பெட்ரோல் கணக்கு நோட்டும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

சகோதரி, முதலில் அந்தக் கையெழுத்து விஷயம். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். இறந்தவர் கையெழுத்தை இன்னொருவர் போட்டால் அது போலி ஆவணம். புரோக்கருக்கு அது தெரியும், அதனால்தான் அவர் போடாமல் உங்களைப் போடச் சொல்கிறார். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

15 வருடம் ஆன வண்டியைப் பறிமுதல் செய்வார்கள் என்பதும் பொய். அந்தப் பேச்சு டெல்லியிலிருந்து வந்தது. டெல்லி சுற்றுவட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு நீதிமன்ற உத்தரவு, தடை, அதற்கு மேல் வழக்கு என்று ஒரு பெரிய கதை ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி எதுவும் இல்லை. 15 வருடம் முடிந்ததும், அப்புறம் 5 வருடத்துக்கு ஒரு முறையும் வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டணத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள்: 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாய் ஆக்கினார்கள், 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். உங்கள் ஆர்.சி.யை 2016-லும் 2021-லும் புதுப்பித்திருப்பதால், அடுத்த தவணை 2026-ல் வருகிறது. பயப்பட வேண்டிய விஷயம் பறிமுதல் இல்லை, இந்தத் தகரத்தைப் பார்த்து யாராவது எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) கொடுப்பார்களா என்பதுதான்.

சரி, தகரத்துக்கு வருவோம். லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டம் இருக்கும், பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். மாருதி 800-க்கு அது கிடையாது. மெல்லிய தகரத்தை மடித்து, ஸ்பாட் வெல்டிங் வைத்துச் செய்த கூடுதான் வண்டி, அந்தக் கூடுதான் சேஸிஸ். கடலோரத்தில் உப்பு ஈரம் தகரத்தின் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். கதவுக்குக் கீழே தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்ன ஓட்டைகள் மண்ணில் அடைத்துக்கொள்ளும். தரையில் காலடி விரிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் தார் ஷீட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, துரு உள்ளேயிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே அதன் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

காலடியில் மட்டும் ஓட்டை என்றால் பயமே இல்லை, துருவை நல்ல தகரம் வரும் வரை வெட்டி எறிந்துவிட்டு புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து இன்னும் சில வருடம் ஓட்டலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்றாவது போட்டோவைப் பாருங்கள். கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் அந்தப் பெட்டி போன்ற பகுதியில் ஜாக்கி வைக்கும் இடம் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. அங்கே ஜாக்கி கொடுத்தால் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் வண்டிக்குள் போகும். நான்காவது போட்டோவில் பின் சீட் பெல்ட்டின் போல்ட்டைச் சுற்றி அடுக்கடுக்காக இலை மாதிரி உரிந்திருக்கிறது. நான் இன்சூரன்ஸ் சர்வேயராக 28 வருடம் விபத்து வண்டி பார்த்தவன். இதே போல கடலோரத்தில் ஓடிய ஒரு காரில், மோதிய வேகம் அப்படி ஒன்றும் அதிகமில்லை, பெல்ட் அறுபடவில்லை, கொக்கி கழலவில்லை. போல்ட் மட்டும் ஒரு உள்ளங்கை அகலத் தகரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்து பெல்ட் நுனியில் தொங்கியது. அந்தத் தகரத்தைக் கையில் எடுத்து மடித்தேன், அப்பளம் மாதிரி உடைந்தது.

அதனால் என் முடிவு தெளிவு. இந்த வண்டி இனி ரோட்டுக்கு ஆகாது. இன்ஜின் ஓடுவதால் வண்டி நன்றாக இருப்பதாக ஆகாது.

அந்த 40 ஆயிரம் ரூபாய் வேலையில் என்ன செய்வார்கள் தெரியுமா? துருவை வெட்டாமல் அதன்மேலேயே ஒரு தகரத்தை கேஸ் வெல்டிங்கில் ஒட்டுவார்கள். சந்துகளில் எம்-சீல் அடைப்பார்கள். மேலே பட்டி தேய்த்து பெயின்ட். அடியில் கறுப்பு ரப்பர் கோட்டிங். எஃப்.சி.க்குக் காட்ட அழகாக இருக்கும், ஒரு மழைக்காலம் போனால் உள்ளே இன்னும் வேகமாக அரித்திருக்கும், ஏனென்றால் ஈரம் இப்போது வெளியே வர வழியில்லை. நம்பிக்கை இல்லையென்றால் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பட்டறையில் ஏற்கெனவே முடித்த ஏதாவது ஒரு வண்டியில் கதவுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். தகரத்தில் ஒட்டும், பட்டியில் நழுவும். ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று கேட்கும், பட்டி பொத்தென்று கேட்கும். தகர வேலை செய்யும் எல்லா டிங்கரும் இப்படி என்று சொல்ல மாட்டேன், ஒழுங்காக வெட்டி ஒட்டுகிற கைகாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் உங்கள் போட்டோவைப் பார்த்தால் வேலையை எடுக்கவே மாட்டார்கள்.

அடுத்து ஷெல் மாற்றுவது. இதில்தான் நல்ல மனிதர்களெல்லாம் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அப்பா வண்டியின் நம்பரும் இன்ஜினும் இருக்கும், பாடி மட்டும் புதுசு என்று கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது அந்த சேஸிஸ் நம்பர் அடித்த கூடு. இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வழி உண்டு. கூட்டையே மாற்றி, பழைய நம்பர் உள்ள தகரத் துண்டை வெட்டி இதில் ஒட்டுவதற்கு வழியே கிடையாது, அது குற்றம். அவர் கொண்டுவரும் அந்த நல்ல ஷெல் எங்கிருந்து வருகிறது? அதற்கும் ஒரு நம்பர் இருந்திருக்குமே, அதன் சொந்தக்காரர் யார்? திருட்டு வண்டிகளுக்குப் புது வாழ்வு கொடுக்கும் வழியே இதுதான்: செத்துப்போன வண்டியின் ஆர்.சி.யும் நம்பர் துண்டும் கிடைத்தால் போதும், திருடிய வண்டி மறுநாள் காலையில் உங்கள் அப்பா பெயரில் ரோட்டில் ஓடும்.

இப்போது புரோக்கரின் 22 ஆயிரம் எதற்கு என்று புரிந்திருக்கும். அரித்துப்போன தகரத்தின் எடைக்கு யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். மாருதி 800 மொத்தமே சுமார் 650 கிலோதான், அதில் கண்ணாடி, ரப்பர், சீட் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அவர் விலை பேசுவது உங்கள் ஆர்.சி.க்கு. அந்த வண்டி நாளைக்கு யாரையாவது இடித்துவிட்டால், நஷ்டஈடு வழக்கில் முதலில் தேடுவது ஆர்.சி.யில் யார் பெயர் என்பதைத்தான். பெயர் மாற்றாமல் பல கை மாறிப்போன ஒரு காரின் விபத்தில், கைமாறியதெல்லாம் இருக்கட்டும், பதிவில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் விஷயத்தில் பெயர் இருப்பவர் உயிரோடு இல்லை. சம்மன் வீட்டுக்குத்தான் வரும், கையெழுத்து யாருடையது என்று கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் எப்படித்தான் விடுவது? அரசு அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுங்கள். 2021 செப்டம்பரில் இதற்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் மாநில வாரியாக அந்த நிலையங்களின் பட்டியல் இருக்கிறது, அந்தப் பட்டியலில் இல்லாத இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டுகூடப் போகாதீர்கள், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. வண்டியை ஒப்படைத்ததும் ஒப்படைப்புச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். உடைத்து முடித்ததும் உடைப்புச் சான்றிதழ் தனியாக வரும். பணம் வங்கிக் கணக்கில் வர வேண்டும், கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். பதிவு ரத்தாகிவிட்டதா என்று நீங்களே வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள், ரத்து என்று காட்டும் வரை உங்கள் வேலை முடியவில்லை. அபராத ரசீது ஏதும் பாக்கி இருந்தால் முன்னாடியே கட்டிவிடுங்கள்.

அந்த ஒப்படைப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். புது கார் வாங்கும்போது அதைக் காட்டினால் பதிவுக் கட்டணம் கிடையாது, சாலை வரியில் சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது. அந்த ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள், எவ்வளவு என்பது மாநில அரசின் ஆணையைப் பொறுத்தது. ஷோரூமில் வாயால் சொல்வதை நம்பாமல் விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

உங்களுக்கு இருக்கும் ஒரே சிக்கல் ஆர்.சி. அப்பா பெயரில் இருப்பது. விதிப்படி உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் ஃபாரம் 31 கொடுத்துப் பெயர் மாற்றியிருக்க வேண்டும். துக்க வீட்டில் யார் இதையெல்லாம் நினைப்பார்கள்? பரவாயில்லை. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் உங்களிடம் பொறுப்பை விட்டு எழுதிக் கொடுத்த கடிதம், அவர்கள் ஆதார் நகல், ஒரிஜினல் ஆர்.சி., இவ்வளவும் ஒரே ஃபைலில் வையுங்கள். வாரிசுச் சான்றிதழ் எடுக்கவில்லையென்றால் இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். பிறகு உடைப்பு நிலையத்துக்கு போன் செய்து, உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசாக நான் ஒப்படைக்கலாமா, என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். முதலில் பெயரை மாற்றிக்கொண்டு வா என்றால் உடனே புறப்பட்டுவிடாதீர்கள், எந்த விதிப்படி என்று கேளுங்கள். நான் கூடப் போன ஒரு குடும்பத்தை, பெயர் மாற்ற வேண்டுமென்றால் ஆர்.சி. நடப்பில் இருக்க வேண்டும், அதற்கு வண்டியைச் சரிசெய்து எஃப்.சி. காட்டு என்று ஒரு அலுவலகத்தில் நான்கு முறை அலைய விட்டார்கள். உடைக்கப் போகிற வண்டிக்கு 30 ஆயிரம் செலவழித்து பெயின்ட் அடிக்கச் சொல்கிற நடைமுறையை என்னவென்று சொல்வது? எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள், ஓ.டி.பி. போவதோ இறந்தவரின் பழைய போன் நம்பருக்கு. இந்த ஓட்டைகளால்தான் ஜனங்கள் புரோக்கரிடம் போகிறார்கள். அப்பாவின் சிம் இன்னும் உயிரோடு இருந்தால் இந்த வேலை முடியும் வரை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள்.

அடுத்து என்ன வாங்குவது? இன்னொரு 800 தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். 2014 ஜனவரியோடு அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. எவ்வளவு நல்லதாகக் கிடைத்தாலும் 10 வருடத்துக்கு மேல் பழையதுதான், நாகப்பட்டினத்துக் காற்று அதையும் விடாது. அதே 796 சிசி அளவு இன்ஜின், அதே மாதிரி சின்ன உடம்பு வேண்டுமென்றால் ஆல்டோ 800 பாருங்கள், 2012 முதல் 2023 வரை வந்தது. கோவை, சேலம் பக்கம் ஓடிய வண்டியாகப் பார்ப்பது நல்லது. சென்னை வண்டி மலிவாக வந்தால் 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டையும் நினைத்துக்கொண்டு, சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். மேலே எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடி நுனியில் சேற்றுக் கோடு நிற்கும்.

கடைசியாக, வண்டியை ஒப்படைக்கும் முன் ஸ்டீயரிங், நம்பர் பிளேட் ஏதாவது எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பர் பிளேட் வேண்டாம், அது வண்டியோடு போகட்டும். ஸ்டீயரிங் எடுத்தால் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள், குறைக்கட்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு டிராயரில் அப்பா எழுதிய பெட்ரோல் கணக்கு நோட்டு இருப்பதாகச் சொன்னீர்கள், அதை இன்றே வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். உடைப்பு நிலையம் வண்டியைத் தூக்கிப்போக ஆள் அனுப்பும், நீங்கள் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். அந்த நாள் வரும் வரை தெருமுனைக் கடைக்குப் போவதாக இருந்தாலும் பின் சீட்டில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.